ஃபைபர் தொழிலில் இன்னும் இடம் இருக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ஒளியிழை, அதாவது ஒளியில் தகவலைக் கொண்டுபோகும் மெல்லிய கண்ணாடி இழையான ஃபைபர் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மாணவர்கள், சின்ன அளவில் இணைய இணைப்பு கொடுப்பவர்கள், கையில் கொஞ்சம் சேமிப்போடு தொழில் தொடங்க நினைப்பவர்கள் என்று பலரும் கேட்டிருப்பதால் முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன் சார். 5ஜி வந்துவிட்டது, செயற்கைக்கோள் இணையமும் வந்துவிட்டது, இனி ஃபைபர் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மையிலேயே இந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். கம்பியில்லாத பகுதி என்பது உங்கள் கைபேசிக்கும் கோபுரத்துக்கும் நடுவில் உள்ள கொஞ்ச தூரம்தான். கோபுரத்தைத் தாண்டிப் பின்னால் போகும் பாதை பெரும்பாலும் ஃபைபர். கோபுரங்கள் நெருக்கமாக நெருக்கமாக அந்தத் தேவை கூடிக்கொண்டேதான் போகும். செயற்கைக்கோளும் அப்படித்தான். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதே லேசர் ஒளியில், தரை நிலையத்துக்கு இறங்கிய பிறகு அந்த டேட்டா ஓடுவதும் ஃபைபரில். கண்டம் விட்டுக் கண்டம் போகும் டேட்டாவில் 95 சதவீதத்துக்கும் மேல் கடலடி கேபிள் வழியாகத்தான் போகிறது.

இந்தத் துறை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். 1966இல் சார்லஸ் காவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கண்ணாடியில் உள்ள அழுக்கை நீக்கி, ஒளி இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்குக் கொண்டுவந்தால் அதில் தகவல் அனுப்பலாம் என்பதுதான் அதன் சாரம். 20 டெசிபெல் என்றால் ஒரு கிலோமீட்டர் போனதும் ஒளியில் 100இல் 1 பங்குதான் மிஞ்சும். அதுவே அன்றைக்கு எட்டாத இலக்காக இருந்தது. 1970இல் கார்னிங் நிறுவனத்தின் மாரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் 17 டெசிபெல்லுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்குச் சாதாரண ஃபைபரே கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவில் இருக்கிறது, அதாவது அதே 1 பங்கு மிஞ்ச 100 கிலோமீட்டர் போகலாம். காவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இதெல்லாம் முடிந்த கதை, இனி என்ன? ஒரே இழையில் எவ்வளவு அடைக்கலாம் என்பதற்கு தகவல் கோட்பாட்டை வகுத்த ஷானன் சொன்ன எல்லை ஒன்று இருக்கிறது, அதை இன்றைய கருவிகள் நெருங்கிவிட்டன. ஒளி அலையின் கட்டம் (அலை எந்த நிலையில் இருக்கிறது), முனைவாக்கம் (எந்தத் திசையில் அதிர்கிறது) இரண்டிலும் தகவலை ஏற்றும் கோஹெரன்ட் முறை 2010 வாக்கில் 100 ஜிகாபிட்டோடு புழக்கத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு அலைநீளத்தின் வேகம் 400, 800, 1600 என்று ஏறினாலும், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அந்த அலைநீளம் பிடிக்கும் அகலமும் கூடிவிடுவதால், ஒரு இழையின் மொத்தக் கொள்ளளவு அதே வேகத்தில் கூடுவதில்லை. எனவே இனி மூன்று வழிகள்தான். இப்போது அதிகம் பயன்படும் சி பேண்ட் என்ற அலைநீளப் பகுதியோடு அதற்கு அடுத்த எல் பேண்டையும் சேர்த்து அலைவரிசையை ஏறக்குறைய இரட்டிப்பாக்குவது ஒன்று. ஒரு கேபிளில் இழைகளையோ, ஒரு இழைக்குள் ஒளி ஓடும் மையங்களையோ அதிகமாக்குவது இரண்டாவது. ஒளியை மின்சாரமாக மாற்றும் இடத்தைச் சிப்புக்கு மிக அருகில் தள்ளுவது மூன்றாவது. இந்த மூன்றில் எது நடந்தாலும் இணைப்புப் புள்ளிகள் பெருகும். இழையோடு இழை, இழையோடு சிப், ஒரு நிறுவனத்தின் கருவியோடு இன்னொரு நிறுவனத்தின் கருவி. அடுத்த 10 வருட வேலையும் பணமும் அந்தச் சேரும் இடங்களில்தான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் பதில்களிலும் இதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லப்போகிறேன்.

கேள்வி: ஏஐ வந்ததால் ஆப்டிக்கல் கம்பெனிகளுக்கு யோகம் என்கிறார்கள். ஏஐக்கும் ஃபைபருக்கும் என்ன சம்பந்தம்? கோ-பேக்கேஜ்டு ஆப்டிக்ஸ் வந்தால் இப்போதுள்ள டிரான்சீவர் மாட்யூல் வியாபாரம் அடிபடுமா?

பதில்: பெரிய ஏஐ மாடல் ஒன்றைப் பயிற்றுவிக்க ஜிபியு எனப்படும் கணக்கீட்டுச் சிப்புகள் ஆயிரக்கணக்கில் ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்கின்றன. ஒவ்வொரு படியிலும் எல்லாம் தங்கள் விடைகளைப் பரிமாறிக்கொண்டாக வேண்டும், ஒன்று தாமதித்தால் மற்றவை சும்மா நிற்கும். அதனால் சாதாரண இணையதளம் ஓடும் டேட்டா சென்டரைவிட இங்கே உள்ளுக்குள்ளேயே ஓடும் டேட்டா பல மடங்கு அதிகம்.

இதைத் தாமிரக் கம்பியிலேயே செய்ய முடிந்தால் யாரும் ஒளிக்குப் போக மாட்டார்கள். தாமிரம் மலிவு, நம்பகமானது, தனியாக மின்சாரம் கேட்காது. என்விடியாவின் என்விஎல்72 ரேக்கில் 72 ஜிபியுக்களையும் தாமிரக் கேபிள்களால்தான் இணைத்திருக்கிறார்கள். ஆனால் வேகம் ஏற ஏறத் தாமிரத்தின் தூரம் சுருங்குகிறது. ஒரு தடத்துக்கு 200 ஜிகாபிட் என்று வரும்போது ஓரிரு மீட்டரோடு நின்றுவிடுகிறது. ரேக்கை விட்டு வெளியே வந்தால் ஒளிதான்.

ஒளிக்குப் போனால் வேறொரு தொல்லை வருகிறது, மின்சாரச் செலவு. மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் டிரான்சீவர் மாட்யூல், 1.6 டெராபிட் வேகத்தில் ஒன்று சுமார் 25 முதல் 30 வாட் இழுக்கிறது. இப்படி லட்சக்கணக்கில் செருகினால் கணக்குப் போடுவதற்குச் செலவாக வேண்டிய மின்சாரம் பேசிக்கொள்வதிலேயே போகிறது. அந்த வாட்டுகளில் பெரும்பங்கு மாட்யூலுக்குள் இருக்கும் டிஎஸ்பி என்ற சிக்னலைக் கையாளும் சிப்புக்குப் போகிறது. டேட்டாவை வழிபிரித்து அனுப்பும் ஸ்விட்ச் சிப்பிலிருந்து மாட்யூல் செருகும் முகப்புப் பலகை வரை தாமிரத் தடத்தில் வரும்போதே சிதைந்துபோகும் சிக்னலைச் சரிசெய்வதும் அதன் வேலை. இதற்கு இரண்டு தீர்வுகள் போட்டி போடுகின்றன. டிஎஸ்பியைத் தூக்கிவிட்டு அந்த வேலையை ஸ்விட்ச் சிப்பிடமே விடுவது எல்பிஓ முறை. ஒளிப்பகுதியையே ஸ்விட்ச் சிப்புக்குப் பக்கத்தில், ஒரே பேக்கேஜில் கொண்டுபோய் வைப்பது கோ-பேக்கேஜ்டு ஆப்டிக்ஸ். சிப் நிறுவனமான பிராட்காம் இதில் 51.2 டெராபிட் ஸ்விட்ச் செய்து காட்டியது. 2025 மார்ச்சில் என்விடியாவும் தன் ஃபோட்டானிக்ஸ் ஸ்விட்சுகளை அறிவித்தது, 3.5 மடங்கு மின்சிக்கனம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

அப்படியானால் மாட்யூல் வியாபாரம் போய்விடுமா? ஒரே நாளில் போகாது. மாட்யூல் கெட்டால் அதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. பேக்கேஜுக்குள் ஒளிப்பகுதி கெட்டால் ஸ்விட்சையே கழற்ற வேண்டி வரலாம். டேட்டா சென்டர் நடத்துபவர்கள் இதை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் கோ-பேக்கேஜ்டு வடிவமைப்புகளில்கூட லேசரை மட்டும் தனியாக, முகப்பில் செருகி எடுக்கும்படி வெளியே வைக்கிறார்கள். சூடு தாங்காமல் முதலில் கெடுவது பெரும்பாலும் லேசர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆக, கொஞ்ச காலம் மூன்று வடிவங்களும் சேர்ந்தே ஓடும்.

ஆனால் மாட்யூலை வாங்கி லேபிள் ஒட்டி விற்பது மட்டுமே உங்கள் தொழில் என்றால் இப்போதே யோசிக்க ஆரம்பியுங்கள். மாட்யூல் விலை ஒவ்வொரு தலைமுறையிலும் சரிகிறது, கோ-பேக்கேஜ்டு ஆப்டிக்ஸில் நடுவில் நின்று விற்பவருக்கு இடமே இல்லை. அதே சமயம் அங்கே புதிய வேலைகள் பிறக்கின்றன. ஒரு ஸ்விட்ச் பேக்கேஜிலிருந்து நூற்றுக்கணக்கான இழைகள் வெளியே வரும். ஒவ்வொன்றையும் சிப்பின் ஒளிப்பாதையோடு மைக்ரான் அளவுக்கும் குறைவான துல்லியத்தில் ஒட்ட வேண்டும், உள்ளே மடிக்காமல் வழிநடத்த வேண்டும், ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். இழை வரிசைகள், அவற்றை ஒட்டும் தானியங்கி இயந்திரங்கள், சிப்புகளாக வெட்டும் முன், வேஃபர் தட்டு நிலையிலேயே ஒளிச் சோதனை செய்யும் கருவிகள், இவைதான் இன்று உற்பத்தியில் இறுகிக் கிடக்கும் இடங்கள். அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறவருக்கு வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டிய வேலை இருக்காது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று ஆப்டிக்கல் சர்க்யூட் ஸ்விட்ச். கூகுள் தன் டேட்டா சென்டர்களில் மேல் அடுக்கு ஸ்விட்சுகளுக்குப் பதிலாக, ஒளியை மின்சாரமாக மாற்றாமல் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற சிறு கண்ணாடிகளால் திருப்பிவிடும் 136 போர்ட் கருவியைத் தானே செய்து வைத்தது. 41 சதவீத மின்சாரமும் 30 சதவீத முதலீடும் மிச்சம் என்று 2022இல் கட்டுரையே வெளியிட்டார்கள். கண்ணாடிக்கு 400 ஜிகாபிட்டா 1600 ஜிகாபிட்டா என்ற கவலை இல்லை, வேகத் தலைமுறை மாறினாலும் அந்தப் பெட்டியை மாற்ற வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

கேள்வி: உள்ளே கண்ணாடிக்குப் பதில் வெறும் காற்றுதான் இருக்கும் ஃபைபர் வந்திருக்கிறதாமே, உண்மையா? அது பழைய ஃபைபரை ஒழித்துவிடுமா?

பதில்: உண்மை. ஹாலோ கோர் ஃபைபர் என்பார்கள். நடுவில் காற்று, சுற்றிலும் மெல்லிய கண்ணாடிக் குழாய்கள், அவை ஒளியை நடுவிலேயே பிடித்துவைக்கும். கண்ணாடிக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போகச் சுமார் 5 மைக்ரோ செகண்ட் ஆகும், காற்றில் 3.3தான். பங்குச் சந்தை வணிகத்துக்கும், தொலைவில் இருக்கும் இரண்டு டேட்டா சென்டர்களை ஒன்றுபோல் இயக்குவதற்கும் இந்த வித்தியாசம் பெரிது. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த லுமெனிசிட்டி நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2022 டிசம்பரில் வாங்கியது. அந்தக் குழு 2025இல் கிலோமீட்டருக்கு 0.091 டெசிபெல் இழப்பைக் காட்டியது. சாதாரண ஃபைபர் 0.14 அளவுக்குக் கீழே பெரிதாக இறங்க முடியாமல் பல வருடங்களாக நிற்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

ஒழித்துவிடுமா என்றால், இல்லை. பூமிக்கடியில் கிடக்கும் கோடிக்கணக்கான கிலோமீட்டரை யாரும் தோண்டி மாற்றப்போவதில்லை. ஆனால் களத்தில் வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெட்டிய முனை வழியாக ஈரமும் தூசியும் உள்ளே போய்விடும் என்பதால் உடனே மூட வேண்டும். சாதாரண ஃபைபரோடு சேர்க்கும் இடத்தில் கண்ணாடியும் காற்றும் சந்திப்பதால் ஒளி திரும்பி அடிக்கும். பின்சிதறல், அதாவது சிதறித் திரும்பும் ஒளி, மிகக் குறைவு என்பதால் அந்த ஒளியை வைத்து இழையைச் சோதிக்கும் வழக்கமான ஓடிடிஆர் கருவி திணறும். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இப்போது மிகக் குறைவு.

கேள்வி: 2000ஆம் ஆண்டில் ஃபைபர் கம்பெனிகள் எல்லாம் பலூன் மாதிரி ஊதி வெடித்ததாகப் படித்தேன். இப்போது நடப்பதும் அதே கதைதானா? பங்கு வாங்கலாமா?

பதில்: எந்தப் பங்கை வாங்கலாம் என்று நான் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கதையை இந்தத் துறைக்கு வரும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இணையப் போக்குவரத்து 100 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று அப்போது ஒரு பேச்சு பரவியது. வேர்ல்டுகாம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தரப்பிலிருந்து கிளம்பிய பேச்சு அது. உண்மையில் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறைதான் இரட்டிப்பானது, அதுவே பெரிய வளர்ச்சிதான், ஆனால் பலரும் முதல் கணக்கை நம்பிக் கடன் வாங்கிப் பள்ளம் தோண்டினார்கள். அதே நேரத்தில் வேறொன்றும் நடந்தது. 1980களின் இறுதியில் டேவிட் பெய்ன், டெசர்வீர் போன்றோர் உருவாக்கிய ஒளியை மின்சாரமாக மாற்றாமலே பெருக்கும் எர்பியம் ஆம்பிளிஃபையரால் ஒரே இழையில் பல அலைநீளங்களை ஒன்றாகப் பெருக்க முடிந்தது. ஒரு இழையின் கொள்ளளவு திடீரென்று பல பத்து மடங்கு ஏறியது. அதாவது தேவையை மிகைப்படுத்திக் கணக்குப் போட்ட அதே காலத்தில், ஒவ்வொரு இழையும் தரக்கூடியது பல மடங்காகிவிட்டது. விளைவு, ஃபைபர் வலைப்பின்னல் நடத்திய குளோபல் கிராஸிங் 2002 ஜனவரியிலும் வேர்ல்டுகாம் அதே வருடம் ஜூலையிலும் திவால் மனு போட்டன. ஒளிக்கருவி நிறுவனமான ஜேடிஎஸ் யூனிஃபேஸ் 2001 நிதியாண்டில் காட்டிய நஷ்டம் 5,000 கோடி டாலருக்கும் மேல். கார்னிங் பங்கு 100 டாலருக்கு மேலிருந்து 2002இல் 2 டாலருக்குக் கீழே போனது.

இப்போது என்ன வித்தியாசம்? அன்று கடன் வாங்கி, ஆள் வருவார்கள் என்ற நம்பிக்கையில் இழை போட்டார்கள், போட்டதில் பெரும்பகுதி ஒளியே அனுப்பாமல், விளக்கேற்றாமல் கிடந்தது. இன்று வாங்குபவர்களில் பெரியவர்கள் லாபம் ஈட்டும் நிறுவனங்கள், வாங்கிய மாட்யூல்கள் உடனே வேலைக்குப் போகின்றன. இது ஆறுதலான வித்தியாசம். கவலை தரும் ஒற்றுமையும் உண்டு. வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அதில் ஒருவர் அடுத்த காலாண்டில் ஆர்டரைப் பாதியாகக் குறைத்தால் மொத்தத் துறையும் ஆடும். இந்தத் துறையில் ஆர்டர் எப்போதும் சீராக வந்ததில்லை, கையிருப்பு ஏறும்போது ஒரேயடியாக நின்றுவிடும். தொழில் தொடங்குகிறவர்கள் ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடன் வாங்க வேண்டாம் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. 2002க்குப் பிறகு விளக்கேற்றாத இழைகளை அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்கள்தான் பின்னால் இணைய நிறுவனங்களின் முதுகெலும்பைக் கட்டினார்கள். போட்ட முதலீட்டாளர் போனார், போட்ட ஃபைபர் போகவில்லை.

கேள்வி: சுமார் ஆயிரம் வீடுகளுக்கு ஜிபான் மூலம் இணைப்பு கொடுக்கிறேன். எக்ஸ்ஜிஎஸ்-பானுக்கு மாறலாமா, 50ஜி-பான் வரும்வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். ஜிபான், எக்ஸ்ஜிஎஸ்-பான், 50ஜி-பான் மூன்றும் ஒரே இழையை ஸ்ப்ளிட்டரால் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையின் அடுத்தடுத்த தலைமுறைகள். ஜிபான் கீழ்நோக்கி (வீட்டுக்கு) 1490, மேல்நோக்கி (வீட்டிலிருந்து) 1310 நானோமீட்டரைப் பயன்படுத்துகிறது. எக்ஸ்ஜிஎஸ்-பானுக்கு 1577, 1270. இரண்டும் ஒரே இழையில் ஒன்றையொன்று தொடாமல் ஓடும். நீங்கள் புதைத்த ஃபைபரோ ஸ்ப்ளிட்டரோ மாற வேண்டியதில்லை, உங்கள் பக்க முனையத்தில் இரண்டின் ஒளியையும் ஒரே இழையில் சேர்க்கும் கலப்பான் வைத்து, வேகம் கேட்கும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மட்டும் வாடிக்கையாளர் பக்கம் வைக்கும் புதிய ஓஎன்டி பெட்டி கொடுத்துக்கொண்டே போகலாம். ஜிபான் மேல்நோக்கி 1.25 ஜிகாபிட்டை எல்லா வீடுகளும் பங்குபோடுகின்றன. வீடியோ அழைப்பு, கேமரா பதிவு, கிளவுட் சேமிப்பு என்று மேலே அனுப்புவது கூடியிருப்பதால் முதலில் புகார் வருவது அங்கிருந்துதான். எக்ஸ்ஜிஎஸ் இரண்டு திசையிலும் 10 ஜிகாபிட். 50ஜி-பானுக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு 2021இலேயே தரநிலை கொடுத்துவிட்டது, ஆனால் உங்கள் அளவுக்கு அந்தக் கருவிகள் கட்டுப்படியாக இன்னும் காலம் ஆகும்.

மாறுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒளி அளவை எடுத்துக் குறித்துவையுங்கள். 32 வீட்டு ஸ்ப்ளிட்டரே சுமார் 17 டெசிபெல் தின்றுவிடும், மொத்தம் இழக்கக் கையில் இருப்பது 28, 29 டெசிபெல்தான். மிச்சத்தில் அழுக்குக் கனெக்டரும் மடங்கிய ஒயரும் ஒளிந்துகொண்டிருந்தால் புதிய கருவி போட்ட அன்றே பழி அதன் மேல் விழும். மடங்கல் இருக்கிறதா என்று பார்க்க 1625 அல்லது 1650 நானோமீட்டரில் அளந்து பாருங்கள். நீண்ட அலைநீளத்தில்தான் மடங்கல் பளிச்சென்று காட்டும்.

கேள்வி: இரண்டு நண்பர்கள் சேர்ந்து தொழில் தொடங்க நினைக்கிறோம். முதலீடு குறைவு. ஒளியிழைத் துறையில் சின்ன ஆட்களுக்கு என்ன வாய்ப்பு?

பதில்: சிப் செய்வதோ கேபிள் ஆலை வைப்பதோ உங்களுக்கு இல்லை. பெரிய கருவி நிறுவனங்களே ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருக்கின்றன. சிஸ்கோ 2021இல் அக்காசியாவை 450 கோடி டாலருக்கு வாங்கியது, நோக்கியா 2025 பிப்ரவரியில் இன்ஃபினெராவை 230 கோடிக்கு வாங்கி முடித்தது. அந்த மைதானத்தில் நமக்கு வேலை இல்லை. ஆனால் அவர்கள் செய்வதையெல்லாம் யாரோ ஒருவர் பொருத்தி, சுத்தம் செய்து, அளந்து, குறித்துவைத்து, அறுந்தால் ஓடிப்போய்ச் சேர்க்க வேண்டும்.

முதலில் நான் சொல்வது சோதனையும் ஆவணமும். இழைகளை ஒன்றோடொன்று ஒட்டும் ஸ்ப்ளைசிங் மட்டும் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இணைப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஒருவரையொருவர் குறைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வேலை முடிந்ததும் இரண்டு பக்கமிருந்தும் அளந்து, ஒவ்வொரு இணைப்பின் இழப்பும் எந்த மீட்டரில் எந்தப் பெட்டி என்ற குறிப்பும் வரைபடத்தோடு ஒப்படைப்பவர்கள் குறைவு. கேபிள் அறுந்த இரவில் அந்தப் பதிவேடு இல்லாமல் தேடிப் பாருங்கள், அதன் அருமை தெரியும். வலைப்பின்னல் நடத்துபவர்கள் பலரிடம் தங்கள் இழை எங்கே போகிறது என்பதற்கே சரியான பதிவு இல்லை. அதை உருவாக்கி, வருடம் முழுவதும் புதுப்பித்துத் தரும் ஒப்பந்தம் ஸ்ப்ளைசிங் கூலியைவிட நிலையான வருமானம்.

அடுத்தது டேட்டா சென்டருக்குள் எம்பிஓ கேபிள் வேலை. ஒரு தலைக்குள் 8, 12, 16 இழைகள் இருக்கும், அதில் எது எதோடு சேர வேண்டும் என்ற வரிசை ஒன்று மாறினால் இணைப்பே வராது. ஒற்றை மோடு இழையில் ஒளி ஓடும் பகுதி 9 மைக்ரான்தான், கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று உட்கார்ந்தால் போதும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் எதையும் செருகக் கூடாது என்ற ஒழுக்கம் இருக்கும் குழுவுக்கு வேலை தேடி வரும். பச்சைத் தலையும் நீலத் தலையும் ஒன்றோடொன்று செருகிக் கிடப்பதை இன்றைக்கும் பார்க்கிறேன். ஒன்று 8 டிகிரி சாய்வு, மற்றது நேர்முகம், நடுவில் காற்று இடைவெளி, பிறகு இணைப்பு வேகம் வரவில்லை என்று கருவியை மாற்றுகிறார்கள்.

உங்களில் ஒருவருக்கு மென்பொருள் வருமென்றால் அது தனி வழி. 400 ஜிகாபிட் கோஹெரன்ட் மாட்யூலுக்கான 400 இசட்ஆர் தரநிலை 2020இல் வந்த பிறகு, 120 கிலோமீட்டர் வரை தனி ஆப்டிக்கல் பெட்டி இல்லாமல் ரவுட்டரிலேயே கோஹெரன்ட் மாட்யூலைச் செருகிவிடலாம். ஒரே நிறுவனத்திடம் எல்லாவற்றையும் வாங்கிய காலம் மாறி, ரவுட்டர் ஒருவருடையது, மாட்யூல் இன்னொருவருடையது, இழைப்பாதையில் ஒளியைச் சேர்த்துப் பெருக்கும் லைன் அமைப்பு மூன்றாமவருடையது என்று ஆகிறது. பிரச்சினை வந்தால் மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். இந்தக் கலவையை முன்கூட்டியே திட்டமிட்டு, சோதித்து, கண்காணித்துத் தரும் சிறு நிறுவனங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. இழைப்பாதையில் சிக்னல் தரம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடும் ஜிஎன்பை என்ற கருவி திறமூலமாகவே கிடைக்கிறது, பல நிறுவனக் கருவிகளைச் சேர்த்து இயக்க உதவும் ஓப்பன் ரோடம் போன்ற பொதுத் தரநிலைகளும் இருக்கின்றன. உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு முதலீடு நேரம் மட்டும்தான்.

கேள்வி: ஃபைபரை மைக் மாதிரிப் பயன்படுத்த முடியுமாமே? அதில் தொழில் உண்டா?

பதில்: முடியும். இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பினால் ஒவ்வொரு இடத்திலிருந்தும் கொஞ்சம் ஒளி சிதறித் திரும்பும். தரை அதிர்ந்தால் அந்த இடத்தில் இழை நுண்ணியதாக நீளும், திரும்பும் ஒளியின் கட்டம் மாறும். ஒரு முனையில் ஒரே ஒரு கருவி வைத்துப் பல பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு, சில மீட்டருக்கு ஒன்று வீதம் அதிர்வுமானி வைத்ததுபோல் அளந்துவிடலாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் கடலடி ஆராய்ச்சி கேபிளின் 20 கிலோமீட்டர் பகுதியை வைத்து, அதுவரை வரைபடத்தில் இல்லாத நிலப்பிளவுகளையே கண்டுபிடித்தார்கள்.

தொழில் என்றால் குழாய்ப்பாதைக் கசிவு, ரயில் பாதைக் கண்காணிப்பு, எல்லைப் பாதுகாப்பு என்று ஏற்கெனவே நடக்கிறது. எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது வேறொன்று, ஃபைபரைக் காப்பாற்றவே ஃபைபரைப் பயன்படுத்துவது. கேபிள் பாதைக்கு அருகே மண்வெட்டும் இயந்திரம் வந்தவுடனேயே எச்சரிக்கை வந்தால் அறுவதற்கு முன்பே தடுக்கலாம். கருவி விலை அதிகம்தான். ஆனால் சிரமம் கருவியில் இல்லை, வருகிற டேட்டா மலையிலிருந்து லாரி எது, மண்வெட்டி எது, மழை எது என்று பிரித்துச் சொல்வதில். அந்தப் பிரித்தறியும் மென்பொருளைச் சின்னக் குழுவே எழுதலாம்.

கேள்வி: கடலடி கேபிள் தொழிலில் வெளியாட்கள் நுழைய முடியுமா?

பதில்: கேபிள் போடுவதில் முடியாது, உலகம் முழுக்கவே அது சப்காம், அல்காடெல், என்இசி, எச்எம்என் போன்ற சில நிறுவனங்கள் கையில். ஆனால் உலக அளவில் வருடத்துக்கு 150 முதல் 200 பழுதுகள் வருகின்றன, பெரும்பாலானவை மீன்பிடி வலையாலும் நங்கூரத்தாலும். கப்பல் நடமாட்டத் தகவலைப் பார்த்து நங்கூரம் இழுபடுவதை முன்கூட்டியே சொல்லும் சேவை, கரை இறங்கும் நிலையத்தின் மின்சாரமும் குளிரூட்டலும், பழுதுபார்க்கும் கப்பலுக்குப் பயிற்சி பெற்ற ஸ்ப்ளைசர்கள் என்று ஓரத்தில் வேலை உண்டு. பழுது பார்க்கும் கப்பல்களும் ஆட்களும் வயதாகிக்கொண்டிருப்பது இந்தத் துறையின் உண்மையான கவலை. இளைஞர்கள் இந்தப் பக்கம் வர வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

கேள்வி: குவாண்டம் கணினி வந்தால் ஃபைபரில் போகும் ரகசியமெல்லாம் வெளியே வந்துவிடுமா? குவாண்டம் சாவி விற்பது நல்ல தொழிலா?

பதில்: இன்றே பதிவுசெய்து வைத்துக்கொண்டு பின்னால் உடைக்கலாம் என்பதால் பயம் நியாயமானது. ஆனால் பெரும்பாலோருக்குத் தீர்வு மென்பொருளில் இருக்கிறது. குவாண்டம் கணினியைத் தாங்கும் குறியாக்கத் தரநிலைகளை அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. ரகசியச் சாவியை ஒளித்துகள்களில் அனுப்பும் குவாண்டம் சாவி முறை ஒற்றை ஃபோட்டான் (ஒளித்துகள்) அளவில் இயங்குவதால் ஆம்பிளிஃபையர் போட முடியாது, நூறு கிலோமீட்டர் அளவைத் தாண்டினால் நடுவில் நம்பகமான நிலையம் வேண்டும். அரசும் ராணுவமும் வாங்கும், சின்ன நிறுவனம் அதை நம்பி இறங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

கேள்வி: ஸ்ப்ளைசிங் வேலை செய்கிறேன் சார். ஓடிடிஆரில் சில இணைப்புகளில் இழப்புக்குப் பதில் லாபம் காட்டுகிறது. ஒளி எப்படிக் கூடும்? வாடிக்கையாளர் கருவி கெட்டுவிட்டது என்கிறார்.

பதில்: கருவி கெடவில்லை, ஒளியும் கூடவில்லை. ஓடிடிஆர் நேரடியாக இழப்பை அளப்பதில்லை, சிதறித் திரும்பும் ஒளியைப் பார்த்து இழப்பை ஊகிக்கிறது. நீங்கள் சேர்த்த இரண்டு இழைகளும் வெவ்வேறு வகையாக இருக்க வேண்டும். பழைய ஜி.652 இழையோடு வீட்டுப் பக்கம் போகும் ஜி.657 இழையைச் சேர்க்கும்போது இது அடிக்கடி வரும். ஒளி பரவும் விட்டம் சின்னதாக இருக்கும் இழை அதிகமாகத் திருப்பிச் சிதறும், அதனால் பெரிய விட்டத்திலிருந்து சின்னதற்குப் போகும் திசையில் இணைப்புக்குப் பிறகு கோடு மேலே ஏறும். எதிர் முனையிலிருந்து அளந்தால் அதே இணைப்பு மிகப் பெரிய இழப்பாகத் தெரியும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதுதான் உண்மை. ஒரு பக்கம் 0.10 டெசிபெல் லாபம், மறுபக்கம் 0.20 இழப்பு என்றால் இணைப்பின் இழப்பு 0.05, நல்ல இணைப்புதான். ஒரு பக்க அளவை மட்டும் பார்த்து அதை வெட்டி மறுபடி சேர்க்க வேண்டாம். இரண்டு பக்க அளவுகளையும் சராசரியோடு அச்சடித்து வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.